ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறிக்கும் அமேசான் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? மகளுக்குப் பதில் சொல்ல உதவுங்கள்

செக்காலை அம்மா (கேள்வி)

வணக்கம். காரைக்குடி செக்காலையில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வரும் வழியில் வீட்டுக்காரர் ஒரு கிலோ மாட்டுக்கறி வாங்கி வருவார். சின்ன வெங்காயம், குண்டு மிளகாய் போட்டு உப்புக்கறி வைப்பேன். எலும்போடு கிடைத்தால் உருளைக்கிழங்கு சேர்த்துக் குழம்பு. மாமியார் காலத்திலிருந்து இப்படித்தான். ஆட்டுக்கறி கிலோ எண்ணூறைத் தாண்டிய பிறகு வாரா வாரம் கறி என்றால் எங்களுக்கு இது மட்டும்தான் கட்டுப்படியாகிறது.

மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் தட்டில் வைத்த கறியைத் தொடவே இல்லை. "அம்மா, ஒரு கிலோ மாட்டுக்கறிக்குப் பதினைந்தாயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகிறது. மாடு வளர்க்கத்தான் அமேசான் காட்டை அழிக்கிறார்கள். மாடு விடுகிற வாயுவால் பூமி சூடாகிறது" என்றாள். சண்டைக்கு நின்றிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் வருத்தப்பட்டுச் சொன்னாள். அது மனதில் நின்றுவிட்டது.

எங்கள் மாடித் தொட்டி ஆயிரம் லிட்டர் பிடிக்கும். ஒரு கிலோ கறிக்குப் பதினைந்து தொட்டி! சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊரில்கூட சித்திரை, வைகாசியில் குடத்தை எண்ணித்தான் புழங்குகிறோம். வீட்டுக்காரர் "நம்ம ஊர் மாட்டுக்கும் அமேசானுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று அவளைக் கேட்கிறார். அவளோ கோழியும் இறாலும் சாப்பிடுகிறாள், பாலும் குடிக்கிறாள்.

அவள் சொன்ன கணக்கு உண்மைதானா? உண்மை என்றால் நம் ஊர் மாட்டுக்கும் அது பொருந்துமா? மாட்டுக்கறியை விட்டுவிட்டு ஆட்டுக்கறிக்கோ இறாலுக்கோ மாறினால் பூமிக்கு நல்லதா? மதமும் அரசியலும் தயவுசெய்து வேண்டாம், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. மாடு, தண்ணீர், காற்று பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் பையன்

அம்மா, உங்கள் மகள் சொன்னது கட்டுக்கதை இல்லை. உணவுப் பொருள்களின் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றி 2018இல் பூர், நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். கறிக்கென்றே வளர்க்கிற மாட்டின் ஒரு கிலோ கறிக்குச் சராசரியாக 100 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றம். ஆட்டுக்கறிக்கு 40, பண்ணை இறாலுக்கு 27, கோழிக்கு 10. அரிசிக்கு நாலரை. பருப்பு வகைகளுக்கு 2க்கும் குறைவு.

அமேசானும் உண்மை. பிரேசில் பக்கம் அழிக்கப்பட்ட காட்டில் பெரும்பகுதி இன்று மாட்டு மேய்ச்சல் நிலமாகத்தான் கிடக்கிறது. மரத்தை எரிக்கும்போது ஒரு முறை கரி காற்றில் போகிறது, அப்புறம் அந்த நிலத்தில் மாடு நிற்கும் காலமெல்லாம் மீத்தேன். பட்டியலில் மாட்டுக்கறி எல்லாவற்றுக்கும் மேலே நிற்பதற்கு இந்த இரண்டும் சேர்வதுதான் காரணம்.

இந்த வயதில் தட்டைப் பார்த்து இப்படி யோசிக்கிற பிள்ளையைப் பாராட்டுங்கள். நான் விட்டுவிட்டேன்.

கல்லல் கால்நடை

தங்கச்சி, நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லல், திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று இந்தச் சுற்றுவட்டத்திலேயே வேலை பார்த்தேன். தம்பி கொடுத்த எண்கள் சரியானவை. ஆனால் அந்த 100 கிலோவுக்குரிய மாடு வேறு, உங்கள் வீட்டுக்காரர் வாங்கி வரும் கறிக்குரிய மாடு வேறு. இதைச் சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் தண்ணீர். கிலோவுக்கு 15,400 லிட்டர் என்பது நெதர்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த மெக்கோனென், ஹூக்ஸ்ட்ரா இருவரும் கணக்கிட்ட உலகச் சராசரி. அதில் நூற்றுக்கு 94 பங்கு மழைநீர். புல்லும் தீவனப் பயிரும் வளரும்போது மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும் மழை அது. மாடு மேயாவிட்டாலும் அந்த மழை அந்தப் புல்லில் விழத்தான் போகிறது. ஆற்றிலோ கிணற்றிலோ எடுக்கும் தண்ணீர் நூற்றில் நான்கு பங்கு அளவுதான். அதற்காக அலட்சியம் செய்யக் கூடாது, அதுவே கிலோவுக்கு ஐந்நூறு லிட்டருக்கு மேல் வருகிறது. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றிலிருந்து மனிதர்கள் எடுக்கும் தண்ணீரில் மிகப் பெரிய பங்கு மாட்டுத் தீவனப் பயிருக்குத்தான் போகிறது. ஆறு கடலைத் தொடாமலே வற்றுகிறது. அந்த மாட்டின் கறியைப் பற்றி உங்கள் மகள் சொல்வது முழுக்கப் பொருந்தும். நம் பக்கத்து மாடு அறுத்த வயலிலும் கண்மாய்க்கரையிலும் மேய்கிறது, வீட்டில் வைக்கோல் தின்கிறது. வைக்கோல் என்பது நாம் சோற்றுக்காக விளைவித்த நெல்லின் தாள். அதற்கென்று தனியாக யாரும் தண்ணீர் பாய்ச்சவில்லை.

அடுத்தது, அந்த மாடு எங்கிருந்து வருகிறது என்பது. நம் சுற்றுவட்டாரத்தில் கறிக்கென்று மாடு வளர்க்கும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கறிக்கடைக்குப் போவது கறவை ஓய்ந்த ஜெர்சி கலப்பின மாடு, கால் தளர்ந்த உழவு மாடு, அப்புறம் காளைக்கன்று. மணப்பாறைச் சந்தைக்குப் போய் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். கொண்டு வந்த குடியானவர் அதே கையில் அடுத்த கறவை மாட்டைப் பிடித்துக்கொண்டு போவார். பழைய மாட்டை விற்ற காசு இல்லாமல் புது மாடு கிடையாது.

தம்பி சொன்ன அதே 2018 ஆய்விலேயே பால் மாட்டின் கறிக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. கிலோவுக்கு 33 கிலோ, மூன்றில் ஒரு பங்கு. மாடு வாழ்நாள் முழுக்க விட்ட மீத்தேனைப் பாலும் கறியும் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதனால்தான் குறைகிறது. மீதிப் பங்கு மாயமாகப் போகவில்லை. உங்கள் காலைக் காப்பியிலும் தயிரிலும் மகள் குடிக்கும் பாலிலும் இருக்கிறது. மாட்டுக்கறியை மட்டும் குற்றவாளியாக்கி, பாலைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. ஒரே மாடு, ஒரே வயிறு.

அந்த வயிற்றைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். மாட்டுக்கு வயிறு நான்கு அறை. முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் நொதிக்க வைக்கின்றன, இட்லி மாவு புளித்துப் பொங்குவது போல. அப்போது உண்டாகும் மீத்தேனை மாடு பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியே விடுகிறது. பின்பக்கமாக விடுகிறது என்று படம் போடுகிறவர்கள் மாட்டைப் பக்கத்தில் பார்க்காதவர்கள். வளர்ந்த கறவை மாடு ஒரு நாளைக்கு 250 முதல் 500 லிட்டர் வரை விடும். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 27 மடங்கு சூடேற்றக்கூடிய வாயு இது. இருபது ஆண்டுக் கணக்கு என்றால் 80 மடங்கு. ஆனால் பன்னிரண்டு ஆண்டு போலத்தான் காற்றில் தங்கும். மாட்டு எண்ணிக்கை கூடாமல் இருந்தால் புதிதாகச் சேர்வதும் பழையது சிதைவதும் ஏறக்குறைய சமமாகிவிடும். காடு அழித்து மந்தையைப் பெருக்குகிற நாட்டில் அப்படிச் சமமாவதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் சிவகங்கை மாவட்டத்துக்கென்று ஒரு மாடு இருக்கிறது, புலிக்குளம் மாடு. மகளிடம் இதைச் சொல்லுங்கள். சிராவயல் மஞ்சுவிரட்டில் திமிலைப் பிடிக்க விடாமல் பாய்கிற காளை இதுதான். பசு அதிகம் கறக்காது, கன்றுக்குப் போக மிஞ்சுவது கொஞ்சம். பின்னே எதற்கு இதை வளர்த்தார்கள் என்றால், சாணத்துக்கு. அறுவடை முடிந்ததும் கீதாரிகள், அதாவது மந்தை மேய்ப்பவர்கள், நூற்றுக்கணக்கில் ஓட்டி வருவார்கள். பகலில் மேய்ச்சல், இரவில் ஒரு வயலில் கிடை. மறுநாள் இரவு அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். சாணமும் கோமியமும் மண்ணில் இறங்கும். நிலக்காரர் கிடைக்கூலியை நெல்லாகவோ பணமாகவோ கொடுப்பார். கொட்டகை கிடையாது, தீவனச் செலவு கிடையாது, யூரியா மூட்டையும் குறைவு. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து செய்வது. வயலில் போட்ட பிறகு அதிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைவிட 270 மடங்கு சூடேற்றும். கிடை போட்ட வயலில் அந்த மூட்டை குறைகிறது. உலகச் சராசரியைப் பார்த்தால் இந்த வரவு கண்ணில் படுவதில்லை. மாட்டைச் செலவாகவே எழுதிப் பழகியவர்கள் போட்ட கணக்கு அது.

உங்கள் மூன்றாவது கேள்வி. மாட்டுக்கறியை விட்டு ஆட்டுக்கறிக்குப் போவதில் பூமிக்கு லாபம் எதுவும் இல்லை. ஆடும் அசைபோடும் பிராணிதான், பால் மாட்டின் கறியைவிட அந்த 40 கூடுதல். பண்ணை இறாலின் 27, பால் மாட்டுக் கறியின் 33ஐவிடக் கொஞ்சம்தான் குறைவு. தொண்டியிலிருந்து தெற்கே கடற்கரையோரம் போனால் உப்பேறிய நிலத்தைப் பார்க்கலாம். இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே கொடுத்தது. மாறுவதானால் கோழி, முட்டை, அதைவிடப் பருப்பு. வாரம் ஒரு கிலோவைக் குடும்பமாகச் சாப்பிடுவதைப் பெரிய பாவமாக நினைத்து நீங்கள் மருக வேண்டாம்.

அழகப்பாபுரம் ஆய்வு மாணவி

ஐயா சொன்ன கிடை மாட்டுப் பகுதியை இரண்டு முறை படித்தேன். ஆனால் ஒரு மறுப்பு உண்டு. நம் மாடு மெதுவாக வளரும், தாமதமாகக் கன்று ஈனும், குறைவாகக் கறக்கும். அத்தனை ஆண்டும் ஏப்பம் விட்டுக்கொண்டே இருக்கும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கிலோ மாட்டுக்கறிக்கான வெளியேற்றம் மிக அதிகமாக உள்ள பகுதிகளில் தெற்காசியாவும் இருக்கிறது. வைக்கோல் போன்ற செரிக்காத தீவனம், நலம் குறைந்த மாடு, இனப்பெருக்கத்தில் தாமதம் என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். மனிதர்களால் உண்டாகும் வெளியேற்றத்தில் கால்நடைகளின் பங்கு 14.5 சதவீதம், அதில் மாடுகள் மட்டும் 65 சதவீதம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. 2019 கணக்கெடுப்பில் இந்தியாவில் மாடு 19 கோடிக்கு மேல், எருமை கிட்டத்தட்ட 11 கோடி. "நம் ஊர் மாடு வேறு" என்று சொல்லி இந்த எண்ணிக்கையைக் கடந்து போக முடியாது.

இன்னொன்று. பழைய மாட்டை விற்ற காசில்தான் புது மாடு வாங்குகிறார்கள் என்று ஐயாவே சொல்கிறார். அப்படியானால் கறி வாங்குகிறவரும் அந்த வட்டத்தில் ஒரு கண்ணிதானே?

கல்லல் கால்நடை

நல்ல கேள்வி கேட்டாய் அம்மா. 2013 அறிக்கை சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. கறி வாங்குகிறவர் அந்த வட்டத்தில் இருக்கிறார் என்பதும் சரி. ஆனால் கறவை ஓய்ந்த மாட்டை வாங்க ஆளில்லை என்றால் அது மறைந்து போகாது. இன்னும் சில ஆண்டு உயிரோடு இருக்கும், மேயும், ஏப்பம் விடும். பால் கிடைக்காது. கட்டிப் போட்டுத் தீனி போட வசதி இல்லாதவர் அவிழ்த்து விடுவார். பாலுக்குக் கிராக்கி இருக்கும் வரை மாட்டு எண்ணிக்கையைப் பால்தான் தீர்மானிக்கும். கறியை நிறுத்தி அதைக் குறைக்க முடியாது.

எருமை ஏற்றுமதி வேறு விஷயம். இந்தியா கப்பலில் அனுப்புவது எருமைக் கறி. நம் செட்டிநாட்டு ஆட்கள் அந்தக் காலத்தில் தொழில் செய்யப் போன மலேசியாவுக்கும் அது நிறையப் போகிறது. வெளிநாட்டு விலைக்காக எண்ணிக்கை ஏறினால் அங்கே நீ சொல்லும் கணக்கை அப்படியே போட வேண்டும்.

மாட்டின் மீத்தேனைக் குறைக்க வழி இருக்கிறது, அதைத்தான் நான் வேலையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாகச் சொன்னேன். வெறும் வைக்கோலோடு நிறுத்தாமல் வேலிமசால், அகத்தி, சூபாபுல் என்று பசுந்தீவனம் கொடுக்க வேண்டும். குடற்புழு நீக்க வேண்டும். சினைப்பருவம் தவறாமல் சினை ஊசி போட்டுச் சும்மா நிற்கும் மாதங்களைக் குறைக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்தும் வந்துவிட்டது, வேண்டாத காளைக்கன்று குறையும். இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றத்து விஞ்ஞானிகள் 'ஹரித் தாரா' என்று ஒரு தீவனச் சேர்க்கை செய்திருக்கிறார்கள், மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் வரை குறைகிறது. நாலு மெலிந்த மாட்டுக்குப் பதில் இரண்டு நல்ல மாடு. பாலும் குறையாது, காற்றும் தப்பும்.

மேய்ச்சலையும் சொல்ல வேண்டும். நம் கண்மாய்களின் உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதன் அடியில் புல் சரியாக முளைக்காது. மாடு அதன் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகிறது, முள் இன்னும் பரவுகிறது. மந்தைவெளி மனையாகிவிட்டது. கீதாரி எங்கே ஓட்டிப் போவார்? மாடு பூமியைக் கெடுக்கிறது என்று பேசும்போது எனக்கு வயிறு எரிவது இதை நினைத்துத்தான். கெடுக்காமல் மேய்வதற்கு இருந்த இடத்தை நாம் மூடிவிட்டோம்.

ஊருணிக்கரை

உலகக் கணக்கை எல்லாரும் பேசிவிட்டீர்கள், எங்கள் தெருக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் வீட்டுப் பின்புறத்தில் வைத்தே அறுக்கிறார்கள். ரத்தமும் குடல் கழிவும் சாக்கடையில் இறங்கி, மழை பெய்தால் ஊருணிக்குப் போகிற வரத்துக்காலில் கலக்கிறது. குடிக்கவும் குளிக்கவும் வெட்டி வைத்த ஊருணி. மீத்தேன் கண்ணுக்குத் தெரியாது, இது தெரிகிறது, நாறுகிறது. மாடு மட்டுமில்லை, ஆடும் கோழியும்தான். சாணத்தையும் குடலையும் சாண எரிவாயுக் கலனில் போட்டால் அடுப்பு எரியும். முறையான ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக் கூடம் ஒன்று எல்லா ஊரிலும் வேண்டும் என்று வார்டில் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

தோலையும் மறக்காதீர்கள். அது திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி என்று பதனிடப் போகிறது. பாலாற்றுக் கரையில் நிலத்தடி நீர் கெட்டதும், 1996இல் உச்ச நீதிமன்றம் "மாசுபடுத்தியவரே இழப்பீடு கொடுக்க வேண்டும்" என்று தீர்ப்பளித்ததும் தோல் கழிவால்தான். மாட்டுக்கறி தொடாதவர் காலிலும் அந்தச் செருப்பு இருக்கிறது.

செக்காலை அம்மா

எல்லாருக்கும் நன்றி. மகளுக்கு முழுவதையும் அனுப்பினேன். ராத்திரி போன் செய்து வெகுநேரம் பேசினாள். பால் கணக்கு அவளுக்கும் புதிது. "அப்போ காப்பியையும் குறைக்கணுமாம்மா?" என்றாள், குறை என்றேன். இறாலை விட்டுவிடப் போகிறாளாம். மாட்டுக்கறி சாப்பிட மாட்டாள், அதில் மாற்றமில்லை. நானும் வற்புறுத்தப் போவதில்லை.

வீட்டில் நாங்கள் முடிவு செய்தது: ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு கறி. நடுவில் வரும் ஞாயிறு தட்டைப்பயறு, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு, முட்டை. அவர் முகம் சுருங்கியது, ஆனால் சரி என்றார். கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்று கறிக்கடைக்காரரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஊருணிக்கரை, உங்கள் மனுவில் கையெழுத்துப் போட நான் தயார். எங்கள் தெருவில் இன்னும் சிலரும் வருவார்கள்.

கல்லல் ஐயாவிடம் ஒரு கேள்வி. மகள் கிடை மாட்டை நேரில் பார்க்க வேண்டும் என்கிறாள். எந்த மாதம் வந்தால் பார்க்கலாம்?

கல்லல் கால்நடை

தாராளமாக வாருங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் வயல் தரிசாகக் கிடக்கும், கிடை அப்போதுதான் இருக்கும். புரட்டாசியில் விதைப்புத் தொடங்கிவிட்டால் மாடு வேறு பக்கம் போய்விடும். வெயில் தாழ்ந்து, மாடு அடையும் நேரத்துக்கு வாருங்கள். புலிக்குளம் மாடு புது ஆளைக் கண்டால் மிரளும், அதனால் கீதாரியிடம் சொல்லிவிட்டு அவர் காட்டும் இடத்தில் நில்லுங்கள். காளைக்கன்றுகளை என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள், கிடைக்கூலி என்ன, மேய்ச்சலுக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று மகளையே அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். வருவதற்கு முன் இங்கே ஒரு வரி எழுதுங்கள், கிடை அப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறேன்.